கன்ட்ரோலர் மக்கர் பண்ணுகிறதா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

என்னிடம் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்காக வாங்கியவை அல்ல. முதலாவது செத்துப்போய்விட்டது என்று நானே முடிவுகட்டி இரண்டாவதை வாங்கினேன். புதுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கேபிளை ஏதோ நினைப்பில் பழைய கன்ட்ரோலரில் சொருகினேன். ஜம்மென்று எழுந்து உட்கார்ந்தது. கெட்டுப்போயிருந்தது கேபிள்தான்.

கன்சோலில் இந்தக் குழப்பம் குறைவு. பெட்டியைச் செய்தவர்களே கன்ட்ரோலரையும் செய்கிறார்கள். பிசியில் கன்ட்ரோலர் ஒருவருடையது, ப்ளூடூத் சிப் இன்னொருவருடையது, விண்டோஸ் வேறொருவருடையது, கேமை எழுதியவர் நான்காவது ஆள். நடுவில், கேம்களை வாங்கவும் ஓட்டவும் உதவும் ஸ்டீம் மென்பொருள் வேறு. எங்கே கோளாறு என்று தெரியாமல் கடைக்குப் போனால் புதுக் கன்ட்ரோலரிலும் அதே கோளாறுதான் வரும். அதனால் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு போவோம். சரிசெய்யும் வழியோடு, அடுத்தது வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியது.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

ஸ்டீமை முழுதாக மூடுங்கள். ஓரத்தில் சின்ன ஐகானாக ஒளிந்துகொண்டிருக்கும், அங்கேயும் போய் மூடுங்கள். அது கன்ட்ரோலரைத் தன் கையில் வைத்துக்கொண்டால் நாம் பார்ப்பது கன்ட்ரோலரின் நிலவரமாக இருக்காது. அப்புறம் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பழைய கன்ட்ரோல் பேனல் பாணியில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் உங்கள் கன்ட்ரோலரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்டீஸ் போனால், ஸ்டிக்கை அசைத்தால் ஒரு கூட்டல் குறி நகரும், பட்டனை அமுக்கினால் எண்கள் ஒளிரும்.

இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடினால் கன்ட்ரோலர் மேல் குற்றமில்லை. ஸ்டீமிலோ கேமிலோ தேட வேண்டும். இங்கேயே பெயர் வரவில்லை, அல்லது தானாக நகர்கிறது என்றால் கேபிள், ப்ளூடூத், கன்ட்ரோலர் மூன்றில் ஒன்று. கேம் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

பிரவுசரில் கன்ட்ரோலரைச் சோதிக்கும் பக்கங்களும் நிறைய உண்டு. ஸ்டிக் நிலையைத் தசம எண்ணாகக் காட்டுவதால் பின்னால் நமக்குப் பயன்படும். திறந்ததும் 'ஒன்றும் இணைக்கப்படவில்லை' என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு பட்டனையாவது அமுக்கும்வரை பிரவுசர் கன்ட்ரோலரை அந்தப் பக்கத்துக்குக் காட்டாது.

கேபிளைச் சொருகினாலும் சத்தமே இல்லை

சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. விளக்கு, காற்றாடி, இயர்பட்ஸ் போன்றவற்றோடு வரும் சில கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. சார்ஜ் ஏறும், கன்ட்ரோலரில் விளக்கும் எரியும், பிசிக்கு மட்டும் எதுவும் தெரியாது. நான் ஏமாந்த கேபிளில் கம்பிகள் இருந்தன, உள்ளே எங்கோ அறுந்திருந்தன. பலன் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் அதே கேபிளில் போனைப் பிசியோடு இணைத்துப் பாருங்கள். போனில் உள்ள கோப்புகள் தெரியவில்லை என்றால் கேபிளை ஓரங்கட்டலாம்.

கேபிள் நல்லது என்றால் ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கேபினெட்டின் பின்பக்க யூஎஸ்பியில் சொருகுங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவர் விண்டோஸோடே வருகிறது. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரையும் விண்டோஸ் பொதுவான விளையாட்டுக் கருவியாக எடுத்துக்கொள்ளும். அதனால் டிரைவர் டவுன்லோட் தளங்கள் பக்கம் போகவே தேவையில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்த வரியை அன்இன்ஸ்டால் செய்து, கழற்றி மாட்டினால் போதும்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்தே ஆடுபவருக்கு வயர் கன்ட்ரோலர் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. பேட்டரி கவலை இல்லை, இணைக்கும் சடங்கு இல்லை. ஒரு நிபந்தனை: கேபிள் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். கன்ட்ரோலரில் முதலில் சாவது பெரும்பாலும் கேபிள். உடம்போடு ஒட்டிப் பிறந்த கேபிள் போனால் எல்லாமே போச்சு.

ப்ளூடூத்தில் பெயரே வரவில்லை

கன்ட்ரோலரை ஆன் செய்வது வேறு, இணைப்பு நிலையில் வைப்பது வேறு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன இணைப்பு பட்டனை, லோகோ வேகமாகச் சிமிட்டும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-இல் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸில் கிரியேட், பிஎஸ் இரண்டையும் சேர்த்து. நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோவில் மேலே யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிங்க் பட்டன் இருக்கும்.

இத்தனையும் செய்தும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வரவில்லையா? அதில் ப்ளூடூத்தே இல்லாமல் இருக்கலாம். 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் ப்ளூடூத் கிடையாது. 2016-இல் ஒன் எஸ் கன்சோலோடு வந்ததிலிருந்துதான் உண்டு. பார்த்தே கண்டுபிடிக்கலாம். லோகோ பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், மேலே தோள் பட்டன்கள் இருக்கும் பகுதியோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் பழையது. கன்ட்ரோலரின் முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உள்ளது. பழையதற்கு எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் வேண்டும், இல்லையென்றால் கேபிள். பயன்படுத்திய கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

கன்சோலும் அதே அறையில் இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். நீங்கள் பிசிக்காக பட்டனை அமுக்க, கன்சோல் தூக்கத்திலிருந்து எழுந்து கன்ட்ரோலரை இழுத்துக்கொள்ளும். சோதிக்கும்வரை கன்சோலின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் தலைமுறைக் கன்ட்ரோலரில் இணைப்பு பட்டனை இரண்டு தடவை தட்டினால் கன்சோலுக்கும் ப்ளூடூத்துக்கும் மாறிக்கொள்ளும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களில் பின்பக்கம் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று உண்டு. அணைத்த நிலையில் அதற்குள் சில விநாடி அழுத்திவிட்டு, விண்டோஸில் பழைய பெயரையும் நீக்கி, முதலிலிருந்து இணைத்துப் பாருங்கள்.

இணைகிறது, நடுவில் அறுந்துபோகிறது

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு முதல் கேள்வி: மதர்போர்டு பெட்டியில் ஆன்டெனா வந்ததே, மாட்டினீர்களா? வைஃபை ஓடுகிறது என்பதால் ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டவர்கள் ஏராளம். பல போர்டுகளில் ப்ளூடூத்துக்கும் அதுவேதான் ஆன்டெனா. பின்பக்கம் இரண்டு பித்தளைத் திருகு முனைகள் மொட்டையாக நின்றால் அங்கேயே ஆரம்பியுங்கள்.

அடுத்தது யூஎஸ்பி 3. அதன் கேபிள்களும் துளைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் இதை 2012-இலேயே அளந்து அறிக்கையாக வெளியிட்டது. ப்ளூடூத்தும், கன்ட்ரோலருக்காக யூஎஸ்பியில் சொருகும் சின்ன ரிசீவரான டாங்கிளும் பேசுவது அதே அலைவரிசையில்தான். வெளி ஹார்ட் டிஸ்க் சொருகிய துளைக்குப் பக்கத்துத் துளையில் டாங்கிள் இருந்தால், கடைவீதி இரைச்சலில் ரகசியம் பேசுவது போல ஆகிவிடும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் டாங்கிளை மாட்டி, மேசை மேல் கண்ணுக்கு எதிரில் வையுங்கள். இந்த ஒரே மாற்றத்தில் அறுபடுவது நின்றுபோனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும் ப்ளூடூத் என்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது உதவும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினி இதை அணைத்துக்கொள்ளலாம் என்ற வரிக்கு நேரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள்.

பட்டனை அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி தெரிகிறது என்பவர்கள் கன்ட்ரோலரைத் திட்டும் முன் டிவியின் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று சில டிவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம், நல்ல ப்ளூடூத் கன்ட்ரோலரின் தாமதத்தைவிடப் பல மடங்கு. டிவியிலும் குறையில்லை, வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால், சொந்த டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கன்ட்ரோலரைப் பாருங்கள். பிசியின் ப்ளூடூத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை. டாங்கிள் தொலைந்தால் தனியாகக் கிடைப்பது கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதனை ஜன்னலில் ஓடுகிறது, கேமுக்குள் கல்லாக நிற்கிறது

பிசி கன்ட்ரோலர் தொல்லைகளின் தாய்வீடு இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

விண்டோஸில் கேமும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ள முக்கியமாக இரண்டு பாஷைகள். பழையது டைரக்ட்இன்புட், 1990-களின் சரக்கு. ஸ்டியரிங், விமான ஜாய்ஸ்டிக் எல்லாவற்றுக்குமாகச் செய்தது. இதில் கன்ட்ரோலர் 'எனக்கு இத்தனை பட்டன், இத்தனை அச்சு (ஸ்டிக் போன்றவை அசையும் திசை)' என்று மட்டும் சொல்லும். பட்டன் 3 எது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற புதியதைக் கொண்டுவந்தது. ஏ என்றால் ஏ, இடது ட்ரிகர் (விரலால் இழுக்கும் விசை) என்றால் இடது ட்ரிகர். எல்லாம் முன்கூட்டியே முடிவானது. நான்கு கன்ட்ரோலர்களுக்கு மேல் இடம் கிடையாது. கேம் எழுதுபவர்களுக்கு இது சொர்க்கம் என்பதால், அதற்குப் பின் வந்த பெரும்பாலான கேம்கள் எக்ஸ்இன்புட்டை எதிர்பார்க்கின்றன. சில கேம்களுக்கு அதைத் தவிர வேறு தெரியாது.

பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் கன்ட்ரோலர்கள் எக்ஸ்இன்புட் பேசாது. சோதனை ஜன்னலில் எல்லாப் பட்டனும் ஒளிரும், கேமுக்கோ காது கேட்காது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். கேம் ஸ்டீமில் இருந்தால் ஸ்டீம் இன்புட் அந்த வேலையைச் செய்யும்: கேமின் ப்ராப்பர்டீஸில் கன்ட்ரோலர் பக்கம் போய் இயக்கிவிடுங்கள். வேறு இடத்தில் வாங்கிய கேமை 'நான் ஸ்டீம் கேம்' என்று ஸ்டீம் பட்டியலில் சேர்த்து அங்கிருந்து திறந்தால் பல சமயம் வேலை நடக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், கேம் பாஸ் கேம்களில் இந்த வித்தை சரியாக ஒத்துழைக்காது. அங்கே டிஎஸ்4விண்டோஸ் போன்ற மென்பொருள்தான் கதி. அது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் போல வேஷம் கட்டிவிடும்.

பிசிக்கென்றே விற்கும் கன்ட்ரோலராக இருந்தால் மொழியை மாற்றும் வசதி அதிலேயே இருக்கலாம். லாஜிடெக் எஃப்310, எஃப்710 இரண்டிலும் எக்ஸ், டி என்று குறித்த சின்ன சுவிட்ச் உண்டு: எக்ஸ் என்றால் எக்ஸ்இன்புட், டி என்றால் டைரக்ட்இன்புட். சுவிட்ச் இல்லாதவற்றில் ஹோம் பட்டனோடு இன்னொரு பட்டனைச் சேர்த்துச் சில விநாடி அமுக்கினால் மாறும்படி வைத்திருப்பார்கள். எது என்பது அந்தச் சின்னக் காகிதத்தில் இருக்கும். பெட்டியோடு குப்பைக்குப் போட்டுவிட்டோமே, அந்தக் காகிதம்.

பழைய கேம்களில் கதை தலைகீழ். அவற்றுக்கு டைரக்ட்இன்புட் மட்டுமே தெரியும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அந்த வழியாகப் போகும்போது இரண்டு ட்ரிகர்களும் ஒரே அச்சின் இரு முனைகளாகிவிடும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பழைய கார் பந்தயத்தில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள். ஆக்ஸிலேட்டரை ட்ரிகரிலிருந்து ஒரு பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். கேமைத் திறப்பதற்கு முன்பே கன்ட்ரோலரை இணைத்திருக்க வேண்டும். திறந்தபின் இணைத்தால் கண்டுகொள்ளாத கேம்கள் உண்டு. அப்புறம், சில கேம்கள் முதல் இடத்தில் இருக்கும் கன்ட்ரோலரை மட்டுமே பார்க்கும். ஸ்டியரிங் பெடலோ, என்றோ நிறுவிய மெய்நிகர் ஜாய்ஸ்டிக்கோ அந்த இடத்தைப் பிடித்திருந்தால் உங்கள் கன்ட்ரோலர் இரண்டாவது ஆட்டக்காரராக வெளியே நிற்கும். மற்றதையெல்லாம் கழற்றுங்கள்.

இந்த அறிகுறியோடு மல்லாடி அலுத்தவர்களுக்கு வாங்கும்போது ஒரே அளவுகோல் போதும். பெட்டியில் 'பிசியில் இயங்கும்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். எக்ஸ்இன்புட் என்ற சொல்லைத் தேடுங்கள். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைக் கையில் பிடிக்கும் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்டீமுக்கு வெளியே அதிகம் ஆடுபவருக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒருமுறை அமுக்கினால் இரண்டு முறை நடக்கிறது

மெனுவில் கீழே ஒரு தட்டு தட்டினால் இரண்டு வரி தாவும். திரையில் பட்டன் படங்கள் எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் மாறி மாறித் துடிக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் கூடிப்போனதன் விளைவு இது. உண்மையான கன்ட்ரோலரையும் அதன் வேஷத்தையும் கேம் சேர்த்தே பார்க்கிறது. டிஎஸ்4விண்டோஸை வைத்துக்கொண்டு ஸ்டீம் இன்புட்டையும் ஆன் செய்யாதீர்கள், ஒன்றை அணையுங்கள். டிஎஸ்4விண்டோஸ்தான் வேண்டும் என்றால் ஹிட்ஹைட் (HidHide) என்ற துணை மென்பொருள் அசல் கன்ட்ரோலரைக் கேமின் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

கேமே ஓடாதபோது ஸ்டிக்கை அசைத்தால் மவுஸ் அம்பு நகர்கிறதா? பேய் பிசாசு ஒன்றுமில்லை, ஸ்டீமின் டெஸ்க்டாப் லேஅவுட். கன்ட்ரோலர் அமைப்புகளில் அணைத்துவிடலாம்.

பட்டன்கள் இடம் மாறியிருக்கின்றன

எக்ஸ்பாக்ஸில் கீழே ஏ, வலப்பக்கம் பி. நின்டெண்டோவில் கீழே பி, வலப்பக்கம் ஏ. எக்ஸும் ஒய்யும் அதேபோல் இடம் மாறியிருக்கும். ஸ்டீமில் நின்டெண்டோ வரிசையைப் பயன்படுத்து என்ற ஒரு டிக்கில் தீரும். இடது ஸ்டிக்கும் டி-பேடும் (திசைப் பட்டன்கள்) வேலையை மாற்றிக்கொண்டால் மோட் பட்டனை ஒருமுறை அமுக்குங்கள். மேலே சொன்ன லாஜிடெக் கன்ட்ரோலர்களில் அது தெரியாமல் கை பட்டே மாறிவிடும்.

அதிர்வு இல்லை, ஹெட்போனில் சத்தம் இல்லை

டூயல்சென்ஸின் ட்ரிகர் இறுகும் வித்தையை ஆதரிக்கும் பல பிசி கேம்கள் கேபிளில் இணைத்தால்தான் அதைக் காட்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ஹெட்போன் துளை ப்ளூடூத் இணைப்பில் வேலை செய்யாது. அடாப்டர் அல்லது கேபிள் வேண்டும். கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

யாரும் தொடாமலே நடந்து போகிறது

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினால் உங்கள் வீரர் மலை உச்சியிலிருந்து குதித்திருப்பார். டிரிஃப்ட். பிரவுசர் சோதனைப் பக்கத்தில் ஸ்டிக்கைத் தொடாமல் எண்ணைப் பாருங்கள். 0.05-க்குள் இருந்தால் சகஜம். 0.1-ஐத் தாண்டி நிற்கிறது, அல்லது ஒருபக்கம் தள்ளி விட்டால் வேறொரு எண்ணில் போய் உட்கார்கிறது என்றால் தேய்மானம்.

வழக்கமான ஸ்டிக்கின் பக்கவாட்டில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். பழைய ரேடியோவின் வால்யூம் திருகு வேலை செய்வதும் இதே முறையில்தான். கரிப்பூச்சின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரச உரசப் பூச்சு தேயும், பொடி சேரும், நடுநிலை நகரும். காற்று ஊதுவதும், எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரை ஸ்டிக்கின் அடியில் கொஞ்சமாக விட்டுச் சுழற்றுவதும் பொடியை நீக்கும். தேய்ந்த பூச்சைத் திரும்பக் கொண்டுவராது. சில நாளில் பழையபடி ஆனால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்தது டெட்ஸோன், அதாவது நடுவில் எவ்வளவு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற அளவு. மைக்ரோசாஃப்ட்டே கேம் எழுதுபவர்களுக்குக் கொடுத்த பரிந்துரை தாராளமானது. ஸ்டிக்கின் முழு வீச்சு 32767 என்றால் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. ஏறக்குறைய கால்பங்கு! அதனால்தான் ஒரே கன்ட்ரோலர் ஒரு கேமில் சமர்த்தாக நின்று இன்னொன்றில் தானாக நடக்கிறது. டெட்ஸோன் வசதி இல்லாத கேமுக்கு ஸ்டீம் இன்புட்டில் அதை வைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதிகமானால் மெதுவாகக் குறிவைப்பது முடியாமல் போகும். விண்டோஸ் சோதனை ஜன்னலில் இருக்கும் காலிப்ரேட் பட்டனை நம்பி நேரத்தை விடாதீர்கள், எக்ஸ்இன்புட் கேம்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இதற்கும் அடங்காவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான். இப்போது தேட வேண்டிய சொல் ஹால் எஃபெக்ட். காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடாமலே நிலையை அளப்பதால் உரசல் இல்லை, அந்த வகைத் தேய்மானமும் இல்லை. புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்கிறார்களே தவிர, 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. டிஎம்ஆர் என்று போட்டிருந்தால் அதுவும் காந்த வகையே, மின்சாரம் இன்னும் குறைவாக எடுக்கும். ஆனால் ஸ்டிக்கை நடுவுக்கு இழுத்து வரும் ஸ்பிரிங் இவற்றிலும் ஸ்பிரிங்தான், அது தளரலாம். புதிதாக வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், சோதனைப் பக்கத்தைத் திறந்து நான்கு திசையிலும் தள்ளித் தள்ளி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

என் இரண்டு கன்ட்ரோலர்களையும் இதை எழுதும்போது சொருகிப் பார்த்தேன். புதியதன் இடது ஸ்டிக் 0.09 காட்டுகிறது. நான் செத்துவிட்டது என்று ஒதுக்கியது இன்னும் 0.03-இல்தான் நிற்கிறது.